கற்பூரவள்ளி: பொடி, பாட்டில் சாறு, தொட்டிச் செடி – காரைக்குடியில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

காரைக்குடிப் பழக்கடையில் போய்க் கற்பூரவள்ளி என்று கேட்டால் வாழைத்தாரைத்தான் காட்டுவார்கள். இலை வேண்டுமென்றால் ஓமவல்லி என்று கேட்க வேண்டும். நாட்டு மருந்துக்கடையில் அப்படிக் கேட்டாலும் அவசரத்தில் ஓமத்தை நிறுத்துப் பொட்டலம் கட்டிவிடுவது உண்டு. ஓமம் வேறொரு செடியின் விதை. இரண்டிலும் தைமால் என்னும் வாசனைப் பொருள் இருப்பதால் வாசனை மட்டும் ஒன்றுபோல் இருக்கும்.

கடைகளில் இது மூன்று விதமாகக் கிடைக்கிறது. காய்ந்த பொடி, பாட்டிலில் சாறு, நர்சரியில் செடி. மூன்றில் பொடிதான் அதிகம் விற்கிறது, அதுதான் மூன்றிலும் மோசம்.

காரணம் இலையிலேயே இருக்கிறது. கற்பூரவள்ளி இலையில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராம் பொடி வேண்டுமென்றால் ஒரு கிலோ பச்சை இலையாவது காய வேண்டும். சதைப்பிடிப்பான இலை, நிழலில் போட்டால் காய்வதற்குள் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போட்டால் செட்டிநாட்டுச் சித்திரை வெயில் சீக்கிரமே மொறமொறப்பாக்கிவிடும், ஆனால் கார்வக்ரால், தைமால் உள்ள வாசனை எண்ணெய் அந்தச் சூட்டிலேயே பறந்துவிடும். சளிக்கு இந்த இலையைத் தேடுவதே அந்த எண்ணெய்க்காகத்தான்! வாங்கிய பொடியைச் சோதிக்க ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, இரண்டு சொட்டு வெந்நீர் விட்டுத் தேய்த்து முகர்ந்தால் போதும். ஓம வாடை வராமல் வைக்கோல் வாடை வந்தால் அது வெறும் சக்கை. பளிச்சென்ற பச்சைப் பொடியும் சந்தேகத்துக்குரியது, இந்த இலை மங்கிய பழுப்புப் பச்சையாகத்தான் காயும்.

இதே கடையின் ஆடாதோடைப் பொடியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதன் சரக்கு பறந்துபோகும் எண்ணெய் அல்ல, காய்ந்த பின்னும் கசப்பு அப்படியே நிற்கும். கடைக்காரர் சரியில்லை என்பதல்ல பேச்சு. இந்த இலைக்குப் பொடி வடிவம் ஒத்துவராது, அவ்வளவுதான்.

பாட்டில் சாறு வாங்குபவர் முதலில் லேபிளைத் திருப்பிப் படிக்க வேண்டும். சித்த மருந்தென்று விற்றால் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். உணவுப் பொருளுக்கான 14 இலக்க உரிம எண் மட்டும் போட்டுவிட்டு 'ஆஸ்துமா தீரும்' என்று அச்சடித்திருந்தால் அங்கேயே வைத்துவிடலாம். எண்ணே இல்லாமல் பழைய பாட்டிலில் ஊற்றித் தரும் சாறு அதைவிட மோசம். பிழிந்த சாறு சீக்கிரமே பழுப்பேறும், சூட்டில் புளித்துப் பொங்கும். உரிமம் உள்ள சிரப்பிலும் சர்க்கரை அளவைப் பார்க்காமல் நீரிழிவுக்காரருக்கு வாங்கக் கூடாது.

காசு கொடுப்பதென்றால் செடிக்குக் கொடுக்கலாம். நர்சரியில் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து எடுக்க வேண்டும். வெள்ளை விளிம்பு போட்டது அழகுக்கு வளர்ப்பது. விக்ஸ் துளசி என்று விற்கும் சிற்றிலைச் செடி வேறு, அதை இதற்குப் பதிலாகத் தலையில் கட்டினால் வாங்க வேண்டாம். தண்டின் அடி கறுத்து மெத்தென்றிருந்தால் வேர் அழுகிவிட்டது என்று பொருள், இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்தப் பை ஆகாது.

வாங்கி வந்ததும் மண்ணை மாற்றுவது முக்கியம். பையில் களிமண் இறுகியிருந்தால் தண்ணீர் தேங்கி ஒரு மாதத்தில் செடி சாயும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மட்கிய சாண எரு ஒன்று என்ற கலவை போதும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். காலை வெயில் மட்டும் விழும் வளவு (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரப் பகுதி) ஓரம் இதற்கு ஏற்ற இடம், ஆனால் முற்றத்து மூலையில், ஓட்டுத் தண்ணீர் கொட்டும் இடத்துக்கு நேர் கீழே தொட்டியை வைத்தால் ஐப்பசி மழையிலேயே அழுகிவிடும். உச்சி வெயிலில் நின்றால் இலை சிறுத்து மஞ்சளடிக்கும்.

நர்சரியும் வேண்டாம் என்றால் அடுத்த வீட்டு ஆச்சியிடம் ஒரு கொப்பு கேட்டாலே கிடைக்கும். அரை சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் உலர ஒருநாள் நிழலில் போட்டு நட்டால் இரண்டு வாரத்துக்குள் வேர் பிடிக்கும். வெட்டிய உடனே நட்டு நீரூற்றினால்தான் அழுகல். திருக்கார்த்திகை கழிந்து 21ஆம் நாள் வரும் நகரத்தாரின் பிள்ளையார் நோன்புக்கு வெளியூரிலிருந்து வந்து வீட்டைத் திறப்பவர்களுக்கு மார்கழிப் பனியில் இருமல் பிடிக்கும். புரட்டாசியில் யாரிடமாவது சொல்லி நட்டு வைத்தால் அதற்குள் இலை கிள்ளும் அளவுக்கு வந்துவிடும்.

பெரியவர்களுக்குச் சாறு எடுக்க முற்றிய இலை நாலைந்து போதும். கழுவித் துடைத்து, தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் துவளும் வரை புரட்டிப் பிழிந்தால் ஒரு தேக்கரண்டி வரும். பச்சையாக இடித்தால் கொழகொழவென்று சாறு இறங்காது, நாக்கிலும் தொண்டையிலும் சுரீரென்று எரியும். அதிக நேரம் வாட்டினாலோ எண்ணெய் போய்விடும். அரைத் தேக்கரண்டி தேன் கலக்கலாம். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரலாம். கைக்குழந்தைக்குப் பாலாடையில் இலைச்சாறு ஊற்றும் பழக்கத்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம்.

கஷாயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, இலையை முதலிலேயே போட்டு நாலில் ஒன்றாக வற்றவிடுவது. வீடு முழுக்க மணக்கும், தம்ளரில் மணம் இருக்காது. ஒன்றரைத் தம்ளர் தண்ணீரில் தட்டிய மிளகு நாலு, சுக்கு ஒரு துண்டு போட்டு ஒரு தம்ளராக்கி, அடுப்பை அணைத்தபின் நாலு இலையைக் கிள்ளிப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். தொண்டைக் கரகரப்புக்கும் சாதாரணச் சளிக்கும் இதமாக இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை. மூச்சிரைப்புக்கு மருத்துவமனை.

மிஞ்சிய இலைக்குப் பஜ்ஜி. ஒரு கப் கடலைமாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவு, உப்பு, மிளகாய்த்தூள், மாவு கெட்டியாக இருக்கட்டும். இலையில் ஈரம் ஒட்டியிருந்தால் மாவு வழுக்கி இறங்கும், எண்ணெய் தெறிக்கும். துணியால் இருபுறமும் ஒற்றி எடுத்து, நரம்பு தடித்த பக்கத்தில் மாவை நன்றாகப் பிடிக்கவைத்துப் போட வேண்டும்.