46ஆர்இ கியர்பாக்ஸ்: பார்க்கில் நின்றால் ஆயில் ஓடாது

நண்பர் ஒருவர் 1990களின் கடைசியில் வந்த டாட்ஜ் ராம் 1500 பிக்கப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். 5.9 லிட்டர் வி8, 46ஆர்இ ஆட்டோமேட்டிக். "உங்ககிட்ட இருக்கிறதும் அதேதானே, வாங்கலாமாண்ணே?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

இன்ஜினைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெட்ரோலை அள்ளிக் குடிக்கும், இழுக்கச் சொன்னதை இழுக்கும். பேச வேண்டியது கியர்பாக்ஸைப் பற்றித்தான், அதிலும் ஆயில் போகும் பாதையைப் பற்றி.

இது கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் வம்சம். 1956இல் தொடங்கி, 1962இல் 727 என்று உறுதியான மூன்று கியர் பெட்டியாகி, பின்னாளில் அதன் வாலில் 0.69 விகித ஓவர்டிரைவை, அதாவது இன்ஜின் வேகத்தைக் குறைத்து ஓட உதவும் மேல் கியரை, சேர்த்து நான்கு கியராக்கினார்கள். பம்ப்பிலிருந்து கிளம்பும் ஆயில், இன்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் போய், அங்கிருந்து ரேடியேட்டர் பக்கம் ஆயிலை ஆற்றும் கூலருக்குப் போய்த் திரும்பும். அந்தத் திரும்பி வரும் ஆயில்தான் கியர்களுக்கும் புஷ்களுக்கும் மசகு. வேறு தனி வழி கிடையாது. கூலர் அடைத்தால் சூடு மட்டும் ஏறாது, உள்ளே கியர்களும் காய்ந்துபோகும். வாலில் இருக்கும் ஓவர்டிரைவ்தான் முதலில் பழிவாங்கும்.

எரிச்சல் என்னவென்றால், கியர் லீவரை 'பார்க்' (P) நிலையில் போட்டால், லீவரோடு நகரும் மேனுவல் வால்வ் கன்வெர்ட்டருக்குப் போகும் வழியை அடைத்துவிடும். இன்ஜின் ஓடுகிறது, பம்ப் சுற்றுகிறது, கூலருக்கு ஒரு சொட்டு போகாது. ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை லீவர் நியூட்ரலில் இருக்கும்போது பார்க்கச் சொல்வது இதனால்தான். காலையில் பார்க்கில் நிறுத்தி வண்டியைச் சூடாக்குகிறவர்கள் இன்ஜினுக்கு மட்டும் நல்லது செய்கிறார்கள். சரி, நியாயமாகச் சொன்னால், பார்க்கில் பின்பக்கக் கியர்கள் சுற்றுவதில்லை, ஐந்து நிமிடத்தில் எதுவும் உடைந்துவிடாது. ஆனால் இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஏசி போட்டு மணிக்கணக்கில் பார்க்கிலேயே நிற்கிறவர்களுக்கு அது நல்லதில்லை.

இன்னொன்று, வண்டி சில நாள் நின்றால் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் கூலர் குழாய் வழியாக வடிந்துவிடும். அதைத் தடுக்க, கூலருக்குப் போகும் குழாயில் ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு சின்ன செக் வால்வ் வைத்திருக்கிறார்கள். அம்புக்குறி போட்ட ஒரு துண்டு, அவ்வளவுதான். கூலரைக் கழுவும்போதெல்லாம் அதையும் கழுவச் சொல்லி சர்வீஸ் கையேட்டிலேயே இருக்கிறது.

எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் ஒன்று என் பெட்டியை முழுசாகப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தது. கூலரைக் கழுவினார்கள். வால்வைத் தொடவே இல்லை. பழைய கிளட்ச் தூள் அதற்குள் அப்படியே கிடந்தது. திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி, நியூட்ரலில் ஐடிலில் ஓடவிட்டுப் பார்த்தால், 20 விநாடிக்குள் ஒரு குவார்ட், கிட்டத்தட்ட ஒரு லிட்டர், வர வேண்டும். அதில் பாதிகூட வரவில்லை. பில்லில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. போய்க் கேட்டதற்கு, "புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார்கள்! இன்றுவரை அந்தத் தெருப் பக்கம் போனால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

வால்வை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டேன், ரேடியேட்டருக்கு முன்னால் தனிக் கூலரும் வைத்தேன். ஓட்டம் சரியாகிவிட்டது. ஆனால் வடிகால் பிரச்சினை திரும்பி வந்தது. இரண்டு நாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து டிரைவில் போட்டால், யோசித்துவிட்டுத்தான் நகரும். நியூட்ரலில் கொஞ்சம் ஓடவிட்டால் சரியாகும், மேடான டிரைவ்வேயில் அதைத் தினமும் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அப்புறம்தான் வேறொரு மெக்கானிக்கிடம், ஆயிலை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் வால்வ் பாடியில் பார்க்கிலும் கன்வெர்ட்டர் நிரம்பும்படி ஒரு சின்னத் திருத்தம் செய்துகொண்டேன். நான் இதில் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. இப்போது பார்க்கில் நிற்கும்போதே கூலர் ஹோஸைத் தொட்டால் சூடு தெரிகிறது. லீவரை இழுத்ததும் வண்டி பிடிக்கிறது. இந்த வண்டிக்குச் செலவழித்ததிலேயே மனநிறைவு தந்த பணம் இதுதான். அதே வேலையோடு வடிகால் போல்ட் உள்ள ஆழமான அலுமினிய ஆயில் பேனும் (பெட்டியின் அடித்தட்டு) போட்டேன். கம்பெனிப் பேனில் போல்ட் கிடையாது, கழற்றும்போது சட்டைக் கைக்குள் ஆயில் அபிஷேகம்தான். ஊற்றுவது ஏடிஎஃப் பிளஸ் 4 என்ற கியர்பாக்ஸ் ஆயில் மட்டும். ட்ரெய்லர் மாட்டினால் ஓவர்டிரைவை பட்டன் போட்டு அணைத்துவிடுகிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு பெட்டி அருமையாக வேலை செய்கிறது, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இதெல்லாம் செய்த பெட்டி அந்த விலைக்குக் கிடைக்காது, செய்யாத பெட்டிக்கு நீங்கள் அலைய வேண்டும். என் வண்டியை நான் விற்கப் போவதில்லை, அது வேறு விஷயம். என் பேச்சைக் கேட்காமல் வண்டியைப் பார்க்கப் போனால், அளவு போட்ட ஜாடி ஒன்றைக் கொண்டுபோங்கள், ஹோஸைக் கழற்ற விடாத ஆளிடம் விலை பேசாதீர்கள்.