‘பிராப்ளம்’ என்று எழுதி அலுத்தவர்களுக்கு: ரோஜெட் தெசாரஸ், 1911 பதிப்பு

ஒரே பத்தியில் நாலு ‘பிராப்ளம்’ விழுந்தால் எந்த ஆபீஸ் மெயிலும் படிக்கச் சகிக்காது. உடனே கை போவது மைக்ரோசாஃப்ட் வேர்டின் ஷிஃப்ட்-எஃப்7 பக்கம். வலப்புறம் மாற்றுச் சொற்கள் விரியும், ஒன்றைக் கிளிக் செய்தால் அதற்கு நெருக்கமானவை வரும். அவசரத்துக்கு அது போதும். ஆனால் எது எந்த இடத்தில் பொருந்தும் என்று பிடிபட வேண்டுமானால், குட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும் ரோஜெட் தெசாரஸ் என்ற ஒத்த சொல் தொகுப்பின் 1911 பதிப்பை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

பீட்டர் மார்க் ரோஜெட் லண்டனில் பிறந்த மருத்துவர். 1805-ல் சொந்த உபயோகத்துக்காகத் தொகுத்த சொற்பட்டியலை விரித்து, 1852-ல், 73 வயதில், புத்தகமாக்கினார். சொற்கள் இதில் அகரவரிசையில் இல்லை, பொருள் வரிசையில் இருக்கின்றன. தெய்வப் பெயர், மக்கட் பெயர் என்று தொகுதி பிரித்த திவாகர நிகண்டைப் புரட்டியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சுமார் ஆயிரம் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

இதன் பலம் அந்த எண்களில்தான். 704 ‘டிஃபிகல்ட்டி’, 706 ‘ஹிண்ட்ரன்ஸ்’, 735 ‘அட்வர்சிட்டி’. வேலையே கடினமா, வழியில் ஏதாவது குறுக்கே நிற்கிறதா, ஆளுக்கே கெட்ட காலமா? நம் மொழியில் சிக்கல், முட்டுக்கட்டை, கஷ்டகாலம் என்று தனித்தனியாகச் சொல்வோம். ஆங்கிலம் எழுதும்போது மட்டும் மூன்றையும் ‘பிராப்ளம்’ என்ற ஒரே பானையில் போட்டுவிடுகிறோம். இந்தப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தலைப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டெக்ஸ்ட் கோப்பில் ‘ட்ரபிள்’ என்று தேடினால் வெவ்வேறு மூலைகளில் வந்து நின்று குழப்பும். முதலில் தலைப்பை முடிவு செய்து, ஹேஷ் குறியோடு எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் பெயர்ச்சொல் முதலில், அப்புறம் வினை, பெயரடை. அரைப்புள்ளிகளுக்கு நடுவே ஒன்றாக நிற்பவை ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. சொல்லை ஒட்டி வேறோர் எண் வந்தால், மேலும் சொற்கள் அந்த எண்ணில் கிடைக்கும் என்று அர்த்தம். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

704-க்குள் போனால் ‘டிலெம்மா’, ‘டெட்லாக்’, ‘ஹாட் வாட்டர்’, ‘ஹார்னெட்ஸ் நெஸ்ட்’ எல்லாம் கிடைக்கும். கடைசிச் சொல்லுக்கு நம் குளவிக்கூட்டில் கைவிட்ட கதை அப்படியே பொருந்தும். கூடவே ‘டெட் லிஃப்ட்’டும் இருக்கிறது. அன்றைக்கு அது மலைப்பான வேலை, இன்றைக்கு எழுதினால் ஜிம் நினைவுக்கு வரும். நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் என்பதை மறந்து எடுத்து ஒட்டினால் மெயில் நாடக வசனம் ஆகிவிடும். ‘கிளிட்ச்’ (திடீர்க் கோளாறு) இதில் கிடையாது. விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962-ல் விளக்கி எழுதிய பிறகு பரவிய சொல் அது.

பெரிய குறை, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்கூட இல்லாதது. வேர்டின் பட்டியலுக்கும் இதே குறைதான். ‘டிலெம்மா’ என்றால் இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை: எந்தப் பக்கம் போனாலும் சுடும் இரண்டு வழிகள். சர்வர் படுத்துவிட்டதற்கு அதைப் போடக்கூடாது. ‘ஹார்ட்ஷிப்’ மனிதர் படும் பாடு. வறுமைக்கு, பஞ்சத்துக்குச் சரி, பிரிண்டருக்கு ஆகாது. ‘ஸ்நாக்’ சின்னத் தடங்கல். ஆற்றில் படகைக் குத்தும் மரக்கட்டைக்கு வழங்கிய சொல் அது. பிரிட்டனில் புது வீட்டை ஒப்படைக்குமுன் எடுக்கும் குறைப்பட்டியலுக்கு இன்றும் ‘ஸ்நாக் லிஸ்ட்’ என்றே பெயர்.

அதிகம் சறுக்கும் இடம் ‘ட்ரபிள்’. ‘பிராப்ளம்ஸ்’ இருந்த இடத்தில் ‘மெனி ட்ரபிள்ஸ்’ என்று போட்டால் உதைக்கும். இந்த இடத்தில் அது எண்ண முடியாத சொல், ‘எ லாட் ஆஃப் ட்ரபிள்’ என்பதே வழக்கு. லாகின் ஆகவில்லை என்றால் ‘ஐயாம் ஹேவிங் ட்ரபிள் லாகிங் இன்’. ‘டு லாகின்’ என்று எழுதினால் தப்பு. ஆகவே ரோஜெட்டில் சொல்லைப் பிடித்த கையோடு கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதியையும் திறந்து, பக்கத்தில் சி போட்டிருக்கிறதா (எண்ணக்கூடியது), யு போட்டிருக்கிறதா (எண்ண முடியாதது) என்று பாருங்கள். கீழே இருக்கும் வாக்கியங்களில் இரண்டையாவது படியுங்கள். அரை நிமிஷ வேலை.

காசு கொடுத்துப் புதிய அச்சுப் பதிப்பு வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: தலைப்பு எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அங்கே 704-ஐத் தேடாமல், பின்னட்டவணையில் சொல்லைப் பார்த்துவிட்டே உள்ளே போக வேண்டும்.