பரணுக்கும் மேடைக்கும் இடையில்: ஆறு வீட்டுக் கருவிகளின் ஓராண்டு மதிப்பீடு

மும்பை செம்பூரில் நாங்கள் நால்வர் வாழும் வீடு 410 சதுர அடி. சமையலறை எட்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்டது; மேடையில் அடுப்பும் தண்ணீர் வடிகட்டியும் போக மீதமிருப்பது மூன்றடிக்கும் குறைவு. கடந்த ஆண்டு பொங்கலுக்கு மறுநாள் தொடங்கி இந்த ஆண்டு பொங்கல் வரை, எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் அதன் முதலெழுத்தைக் குறித்துவந்தோம். நாள்தோறும் ஓடும் மிக்சியை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தபோது கிரைண்டர் 51 முறையும், தையல் இயந்திரம் 11 முறையும், கேக் சுடும் மின்னடுப்பான ஓ.டி.ஜி. 7 முறையும், ஜூசர் 5 முறையும், சப்பாத்தி சுடும் ரொட்டி மேக்கர் 2 முறையும் பயன்பட்டிருந்தன. ஏர் ஃப்ரையரின் கணக்கு 19. ஆனால் அவற்றில் 14 முறை அதை வாங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் முடிந்துவிட்டவை.

கடையில் கேட்கும் கேள்விகளும் இணையத்தில் படிக்கும் மதிப்பீடுகளும் பெரும்பாலும் முதல் வாரத்தைப் பற்றியவை. ஒரு கருவி பதினோராம் மாதத்தில் எங்கே இருக்கிறது என்பதே எங்களைப் போன்ற சிறிய வீட்டினருக்கு முக்கியமான செய்தி என்பதால் இதை எழுதுகிறேன். கருவிகளின் நிறுவனப் பெயர்களைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போவது அந்தந்த வகைக்கே பொருந்துவது.

முதலில் கிரைண்டர். எங்களுடையது இரண்டு லிட்டர் கொள்ளளவும் 150 வாட் மோட்டாரும் கொண்ட மேசை வகை. பன்னிரண்டு கிலோ எடையுள்ள இதுவே வீட்டிலுள்ள சமையல் கருவிகளில் பெரியது; ஆயினும் ஆண்டில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வெடுத்தது. கால் கிலோ உளுந்தும் ஒரு கிலோ இட்லி அரிசியும் ஊறவைத்து, உளுந்தை அரை மணி நேரம் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தால், மிக்சியில் ஒருபோதும் கிடைக்காத நுரைப்புடன் மாவு எழும்பி வருகிறது. மிக்சியின் கத்தி வேகமாகச் சுழன்று மாவைச் சூடாக்கிவிடுகிறது. கல் மெதுவாக உருள்வதால் அந்தச் சூடு ஏறுவதில்லை. மின்சாரச் செலவோ மிகக் குறைவு: நாற்பது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். கல்லையும் பாத்திரத்தையும் கழுவ எட்டு நிமிடம் ஆகிறது. அந்த எட்டு நிமிடத்தை நாங்கள் பொருட்படுத்தாததற்குக் காரணம், கிரைண்டர் நிற்குமிடம் தண்ணீர்க் குழாய்க்கு அருகே இருக்கும் தாழ்ந்த கல் திட்டு என்பதே. அங்கேயே ஊறவைத்து, அங்கேயே அரைத்து, அங்கேயே கழுவிவிடலாம். யாரும் அதைத் தூக்க வேண்டியதில்லை.

1955இல் கோவையில் பி. சபாபதி மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கியபோது, அவர் மாற்றியமைத்தது ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து வாரந்தோறும் கைவலிக்க மாவாட்டும் வேலையை. இந்த மும்பையிலும் அப்படி ஒரு கதை உண்டு. சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், தம் மனைவியிடமிருந்த ஜெர்மானிய மிக்சி நம் நாட்டு அரைவைக்குத் தாங்காமல் மோட்டார் பழுதானதைக் கண்டு, 1963இல் நம் சமையலுக்கு ஏற்ற மிக்சியை உருவாக்கினார்; அதுவே பின்னர் சுமீத் என்று வீடுவீடாகப் போனது. என் பாட்டி மாட்டுங்காவில் குடியிருந்தபோது வாங்கிய மிக்சியின் ஜாடியை அம்மா இன்றும் அளவுப் பாத்திரமாக வைத்திருக்கிறார். இந்த இரண்டு கருவிகளும் பரணுக்குப் போகாததன் காரணம் எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது: வாரம் தவறாமல் வரும் ஒரு கனமான வேலையை அவை எடுத்துக்கொள்கின்றன.

கிரைண்டரில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். தேங்காய்த் துருவியும் மாவு பிசையும் தகடும் சேர்ந்த மாதிரியை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். மூன்றாண்டுகளாக அந்த இரண்டு இணைப்புகளும் வந்த உறையிலேயே பரணில் கிடக்கின்றன. அரை மூடித் தேங்காய்க்காகக் கல்லைக் கழற்றித் துருவியைப் பொருத்துவதற்குள், மேடை விளிம்பில் திருகி வைக்கும் கைத்துருவியில் வேலை முடிந்துவிடும். வாங்குகிறவர்கள் இணைப்புகளில்லாத மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். இருவர் மட்டும் இருக்கும் வீடாயிருந்தால் கிரைண்டரே தேவைதானா என்றும் எண்ணிப் பாருங்கள். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நல்ல மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது.

ஏர் ஃப்ரையர் தீமையான பொருள் அல்ல. 2010இல் பெர்லின் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் இதை அறிமுகப்படுத்தியபோது அது உருளைக்கிழங்குச் சீவல்களை எண்ணெய் குறைத்துச் சமைக்கும் கருவியாகவே வந்தது. அந்த வேலையை இன்றும் அது நன்றாகச் செய்கிறது. காலிஃபிளவர், சேப்பங்கிழங்கு, முந்திரி ஆகியவை எங்கள் நான்கு லிட்டர் கருவியில் அருமையாக வந்தன. ஆனால் உளுந்து வடையைச் சூடான எண்ணெய் தொட்ட கணத்திலேயே இறுக்கிவிடுவதுபோல, சுழலும் வெப்பக்காற்று ஈரமாவை இறுக்குவதில்லை. மாவு கூடையின் துளைகள் வழியே வழிந்து அடியில் கருகியது. பஜ்ஜிக்கும் அதே கதிதான். அப்பளம் நன்றாகப் பொரிந்தாலும் காற்றின் வேகத்தில் எழும்பி மேலிருக்கும் கம்பிச்சுருளில் ஒட்டிக்கொண்டது; அதை அடக்கிவைக்க மேலே ஒரு கம்பித் தட்டு வைக்க வேண்டியிருந்தது. நான்கு பேருக்கு இரண்டு சுற்று சமைத்தாக வேண்டும் என்பதால் முதலில் சாப்பிடுகிறவருக்கு மட்டுமே சூடு. இவற்றைவிட முக்கியமான தடை மின் இணைப்பு. 1,500 வாட் கருவி ஆறரை ஆம்பியர் இழுப்பதால் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். பழைய கட்டடங்களின் சமையலறைகளில் பெரும்பாலும் அது ஒன்றுதான், எங்கள் வீட்டில் அதில் குளிர்பெட்டி இருக்கிறது.

இனி அதன் விலை. கருவிக்கு நாங்கள் கொடுத்தது 6,500 ரூபாய். அது மேடையில் பிடித்த இடம் ஒரு சதுர அடிக்குச் சற்று மேல். செம்பூரில் ஒரு சதுர அடி வீட்டுப் பரப்பு இருபதாயிரம் ரூபாய்க்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. பொருளைவிட அது உட்காரும் இடம் மூன்று மடங்கு விலையுள்ளதாயிருக்க, நாங்கள் பேரம் பேசியதெல்லாம் பொருளின் விலையை மட்டுமே.

ஓ.டி.ஜி. அடுப்பைப் பரணில் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மும்பை மழைக்காலத்தில் பரணின் ஈரம், அடுப்பின் வெப்பக் குழாய்க்குள் மின்காப்புக்காக நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடியில் மெல்லப் புகுந்துவிடுகிறது. ஆகஸ்டில் கேக் செய்ய எண்ணி அதை இறக்கி இணைத்ததும், வீட்டின் மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் உடனே விழுந்தது. மின்பணியாளர் வந்து சோதித்து, ஈரம்தான் காரணம் என்று விளக்கி, இரண்டு நாள் நன்றாகக் காயவைத்த பிறகு மறுபடியும் சோதித்துவிட்டே இயக்க அனுமதித்தார். அந்த சுவிட்ச் இல்லாத வீடாயிருந்தால் அடுப்பின் உலோக உடலைத் தொட்டவர் நிலைமை என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஜூசரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: சாறு நன்று, கழுவ வேண்டிய பாகங்கள் ஏழு, காய்ந்த சக்கையை வலையிலிருந்து தேய்த்து எடுப்பதற்குள் சாறு குடித்த மகிழ்ச்சி போய்விடுகிறது. ரொட்டி மேக்கரோ மாவு மிகவும் இளகியிருந்தால் மட்டுமே விரிசலில்லாத சப்பாத்தியைத் தருகிறது; அதிலும் பூரிக்கட்டையின் வேகம் இல்லை.

பொழுதுபோக்குப் பொருள்களில் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டோம், அது தனக்கென்று சன்னலோரம் மேசையில் திறந்தே இருப்பதால். தஞ்சாவூர் ஓவியப் பெட்டியின் நிலை வேறு. என் கணவர் 2020 ஊரடங்கில் ஆசையாக வாங்கி, பலகையில் துணி ஒட்டி, பிள்ளையாரின் முகம் வரை கோடு வரைந்திருந்தார். மக்கு என்னும் பசையைப் பூசத் தொடங்குமுன் அலுவலகம் திறந்துவிட்டது. ஓராண்டுக் கணக்கில் அதன் எழுத்து ஒருமுறைகூட விழவில்லை. தங்க ரேக்கையும் கற்களையும் தூரிகைகளையும் ஓவிய வகுப்புக்குப் போகும் கீழ்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கோடு வரைந்த பலகையை மட்டும் அவர் பூசையறைச் சுவரில் சாய்த்து வைத்தார். வீட்டிலிருந்து பொருள்களைக் கழித்த வேலைகளில் அதுதான் எங்களுக்கு நெடுநேரம் பிடித்தது.

பயன்படாதவற்றைப் பிறருக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்திலும் எனக்கு ஒரு திருத்தம் கிடைத்தது. ரொட்டி மேக்கரை வீட்டு வேலைக்கு உதவும் அக்காவிடம் நீட்டியபோது, “பத்துக்குப் பத்து கோலியில இதை எங்கம்மா வெக்கிறது?” என்று அவர் கேட்டார். கோலி என்றால் மும்பை வழக்கில் ஒற்றையறை வீடு. எங்கள் நெருக்கடியை எங்களைவிடச் சிறிய வீட்டுக்கு அனுப்பவிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு வாரம் கழித்து, சப்பாத்தி தேய்த்துச் சுட ஆளில்லாத ஒரு விடுதி மாணவர் தாமே கேட்டு வாங்கிச் சென்றார். ஜூசர் பழுதாகியிருந்தது. பழைய பொருள் வாங்கும் பங்கார்வாலா எடைக்கு எடுத்திருப்பார். ஆனால் மோட்டாரிலுள்ள தாமிரத்தைத் தவிர மற்றவை எங்கே போய்ச் சேரும் என்று தெரியாததால் கொடுக்கவில்லை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 106 வகைக் கருவிகளை உள்ளடக்கியவை. தயாரிப்பாளர்களுக்கே மறுசுழற்சிப் பொறுப்பும் உண்டு. ஆகவே நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டு, அவர்கள் சொன்ன சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்தோம். ஏர் ஃப்ரையரை என் நாத்தனார் முலுண்டிலுள்ள தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அங்கே 16 ஆம்பியர் பாயிண்ட் மூன்று இருக்கின்றன.

இப்போது எதையேனும் வாங்க எண்ணினால், அதன் அடிப்பரப்பை விளம்பரத்தில் பார்த்து, பழைய நாளிதழை அதே அளவுக்கு வெட்டி மேடையில் இரண்டு வாரம் ஒட்டிவைக்கிறோம். சென்ற மாதம் மேசை மேல் வைக்கும் பாத்திரம் கழுவும் கருவி ஒன்றின் அளவுக்குத் தாளை ஒட்டினேன். காய் நறுக்கும் பலகையும் குழம்புச் சட்டியும் மீண்டும் மீண்டும் அதன்மீது வந்து அமர்ந்தன. இரண்டாம் ஞாயிறன்று அரைத்த மாவை ஊற்றிவைக்கப் பாத்திரத்துக்கு இடம் தேடியபோது என் மாமியார் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துவிட்டார். நாங்கள் அந்தக் கருவியை வாங்கவில்லை.