13 ஆண்டுகளில் என் பையில் தங்கியவை: ஒரு சிறப்பாசிரியரின் அனுபவம்

2012இல் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியராகப் பணியில் சேர்ந்தபோது தோளில் மாட்டிய பை கிழிந்து, இப்போது மூன்றாவது பை ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மையம், ஒரு நாள் சுற்றுவட்டாரப் பள்ளிகள், ஒரு நாள் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீடுகள். கற்பிக்க எந்தப் பொருளை வாங்கினாலும் பைக்குள் அடங்க வேண்டும், பஸ் நெரிசலில் நசுங்காமல் வர வேண்டும். சென்ற மாதம் புதிதாகப் பணியில் சேர்ந்த ஒரு பெண், "அக்கா, கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, முதலில் எதை வாங்கட்டும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒரு பொருளை எடுத்தவுடன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இது பிள்ளையோடு வீட்டுக்குப் போகுமா? மையத்துக்குத் தவறாமல் வரும் பிள்ளைகூட வாரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் என் கண் முன்னால் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் அம்மாவிடம், பாட்டியிடம், அக்காவிடம். அவர்கள் கையில் எடுக்கத் தயங்கும் பொருள் எவ்வளவு உயர்ந்ததானாலும் பாதிப் பயன்தான்.

இது எனக்கு உடனே விளங்கவில்லை. 2013இல் ஒரு கண்காட்சியில் 3,800 ரூபாய் கொடுத்து மரப் புதிர்ப் பெட்டி வாங்கினேன். தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது சிறு தொகை இல்லை. வேலைப்பாடு அருமை. மூலைகள் வழவழவென்று இருக்கும், ஈரத்துணியால் துடைத்தாலும் வண்ணம் போகாது. ஆனால் பழங்களின் பலகையில் இருந்தவை ஸ்ட்ராபெரி, கிவி, செர்ரி. எங்கள் சந்தையில் வாழை, கொய்யா, சீத்தா, நாவல். பிள்ளைகள் வடிவத்தைக் குழியில் பொருத்தக் கற்றார்கள், பழத்தைக் கற்கவில்லை. பெட்டியின் விலை தெரிந்ததும் ஒரு துண்டு தொலைந்தால் என்ன செய்வது என்று பயந்து, பெற்றோர் ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இன்றும் அலமாரியில் இருக்கிறது. விரல் பிடிப்புப் பயிற்சிக்கு மட்டும் எடுக்கிறேன்.

படங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்குப் படம்தான் வாய்.

ஸ்பெயினின் அரகான் மாநில அரசு நடத்தும் அராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கான படக்குறிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உருவாக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமில்லாமல் யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளையிலும் எடுக்கலாம் என்பதால் ஜெராக்ஸ் கடையிலேயே வேலை முடிந்துவிடும். வினைச்சொற்களுக்கு, அதாவது உட்கார், கொடு, திற, நிறுத்து போன்றவற்றுக்கு, இதைவிட நல்ல இலவசச் சேகரிப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் எந்த அயல்நாட்டுச் சேகரிப்பானாலும் பொருள்களுக்கும் இடங்களுக்கும் அப்படியே எடுத்தால் சிக்கல் வரும். அந்தச் சிக்கலை எனக்குக் காட்டியவன் ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையன்.

கழிப்பறைக்கு நான் முதலில் ஒட்டியிருந்தது உட்காரும் வகைப் பீங்கானின் படம். பள்ளியில் இருப்பதோ தரையோடு பதித்தது, வெளியே நீலத் தகரக் கதவு. அவன் அட்டையைப் பார்ப்பான், முகர்வான், கீழே போடுவான். சேர்ந்த புதிதில் தினமும் கால்சட்டை நனையும். ஒரு நாள் அந்தக் கதவையே கைபேசியில் படமெடுத்து, ஸ்டுடியோவில் அச்சிட்டு, லேமினேஷன் செய்து, வெல்க்ரோ ஒட்டிப் பலகையில் வைத்தேன். ஒவ்வொரு முறை அழைத்துப் போகும்போதும் அவன் கையாலேயே அட்டையை எடுக்க வைத்தேன். மூன்றாவது வாரம், சத்துணவுக்கு மணி அடிக்கும் முன், நான் வேறொரு குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் "சர்" என்று வெல்க்ரோ பிரியும் சத்தம். திரும்பினால் அவன் நிற்கிறான், அட்டை என் உள்ளங்கையில். அழுதுவிட்டேன். அழுது முடிக்கவும் நேரமில்லை, அவனைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

மகிழ்ச்சியோடு அந்த அட்டையின் இன்னொரு படியை அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். வீட்டில் பலிக்கவில்லை. வீட்டுக் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது, கதவுக்குப் பதில் பச்சைப் புடவைத் திரை. அவனைப் பொறுத்தவரை நீலக் கதவு நீலக் கதவுதான். பச்சைத் திரையைப் படமெடுத்து இரண்டாவது அட்டை செய்த பிறகுதான் வீட்டிலும் கேட்கத் தொடங்கினான். அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது கதவுக்குப் பழுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். பையன் உள்ளே போக மறுத்துவிட்டான்.

பொருள், புகைப்படம், கோட்டோவியம், எழுத்து என்ற படிநிலையைப் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்தவள்தான் நான். அந்தக் கதவின் முன்னால்தான் அது விளங்கியது. புதிய புகைப்படத்தின் ஓரத்தில் அராசாக் கோட்டுப் படத்தைச் சிறியதாக ஒட்டினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கோட்டுப் படத்தைப் பெரிதாக்கி, புகைப்படத்தைச் சிறிதாக்கினேன். நான்கு மாதத்தில் கோட்டுப் படம் மட்டும் போதும் என்றாகிவிட்டது. அதை எந்தக் கதவுக்கும் கொண்டுபோகலாம். அவன் அத்தை வீட்டுத் திருமணத்தில் மண்டபத்திலும் காட்டினானாம்.

வெல்க்ரோ பற்றி ஒரு சிறு விஷயம். மெத்தென்ற பக்கம் அட்டையில், சொரசொரப்பான பக்கம் பலகையில் என்று மையம், வகுப்பறை, வீடு மூன்றிலும் ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள். நானும் இயன்முறை மருத்துவரும் ஆளுக்கொரு விதமாக ஒட்டிவிட்டு, மையத்து அட்டை வீட்டுப் பலகையில் நிற்காமல் ஒரு குழந்தை தவித்தது. லேமினேஷன் அட்டையின் மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், கூர்முனை உதட்டைக் கிழிக்கும். அன்றாடப் படப்பட்டியலையும் பள்ளியின் நாளை ஒட்டியே செய்யுங்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு என் பட்டியலின் முதல் படம் அந்தப் பள்ளியின் உணவுத் தட்டுதான். அதைப் பார்த்தே சில பிள்ளைகள் புத்தகப் பையை இறக்கி வைக்கிறார்கள்.

எண்ணிக்கைக்கு நான் அதிகம் நம்புவது பல்லாங்குழி. டவுன் சின்ட்ரோம் உள்ள ஒன்பது வயதுச் சிறுமி இருபது வரை பாட்டாகச் சொல்வாள். நான்கு கொடு என்றால் கை நிறைய அள்ளித் தருவாள். மணிச்சட்டத்தில் அவள் விரல் மணிகளை முந்திக்கொண்டு ஓடியது. பல்லாங்குழியில் ஒரு குழிக்கு ஒரு புளியங்கொட்டை போட்டுக்கொண்டே போக வேண்டும், கை தானாக ஒவ்வொரு குழியிலும் நின்றுதான் நகரும். வாய் "மூன்று" என்று சொல்வதும் விரல் மூன்றாம் குழியில் கொட்டையை விடுவதும் ஒன்றாக நடப்பதை முதன்முதலில் அந்தப் பலகையில்தான் பார்த்தேன். வரிசையில் ஏழு குழி என்பதும் வசதி, பத்து வரை நீட்டி அவளை மிரட்ட வேண்டாம். அவள் வீட்டில் பரணில் ஒரு பழைய பல்லாங்குழி இருந்தது. பாட்டிக்கு நான் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வாயில் போடும் பழக்கமுள்ள பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையும் சோழியும் கூடவே கூடாது. மூக்கில், காதில் திணித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ஐந்துக்கு ஆறாக முப்பது குழி உள்ள முட்டை அட்டையும், அந்தக் குழிக்குள் பொருந்தும் பெரிய மூடிகளும் போதும். மூடி வாய்க்குள் முழுதாகப் போகும் அளவில் இருக்கக் கூடாது.

பணத்துக்கு உண்மையான நாணயம்தான். பொம்மைப் பணம் வாங்காதீர்கள். ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் பிரித்தறியப் பார்வை நன்றாக உள்ளவர்களே தடுமாறுகிறோம். கடைக்கு அழைத்துப்போய்க் கொடுத்து வாங்கிப் பழகினால்தான் படியும்.

தடவிப் படிக்கும் உப்புத்தாள் எழுத்துகளுக்கு 13 ஆண்டுகளாக மாற்றே தேவைப்படவில்லை. இவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்த மரியா மாண்டிசோரி, ரோமில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளோடுதான் தன் கல்விப் பணியைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாறுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நம் பிள்ளைகளுக்காக யோசித்ததிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு முறை கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும். தமிழுக்குச் செய்யும்போது ட, ப, ம போன்ற நேர்கோடுகள் மிகுந்த எழுத்துகளில் தொடங்குங்கள். அ, இ எல்லாம் பிறகு வரட்டும்.

சென்னையில் உருவான ஆவாஸ் செயலியை ஒரு நன்கொடையாளர் தந்த டேப்லெட்டில் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். படத்தைத் தொட்டால் தமிழில் பேசும். மூளை முடக்குவாதம் உள்ள பதினொரு வயதுப் பெண் அதில் முதலில் சொன்ன முழு வாக்கியம் "அம்மா எங்கே". குறை செயலியில் இல்லை. ஒரே டேப்லெட், நான்கு பிள்ளைகள் என்பதுதான் குறை. குரல் ஒரு பிள்ளைக்கு உரியது, அதை முறை வைத்துப் பகிரச் சொல்வது நியாயமில்லை. அதனால் அதே திரையின் அமைப்பை அச்சிட்டு, ஒவ்வொருவருக்கும் அட்டைப் புத்தகமாகக் கொடுத்திருக்கிறேன். டேப்லெட் இல்லாத நாளிலும் சொற்கள் அதே இடத்தில் இருக்கும், விரல் தேடாது.

இனி திட்டமிடல். எந்தப் பிள்ளைக்கு அடுத்து எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்ய எனக்குக் கைகொடுப்பது எம்.டி.பி.எஸ். எனப்படும் மெட்ராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை. சென்னையின் விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற அமைப்பு உருவாக்கியது. உடல் அசைவு, உண்ணுதல், உடுத்துதல், மொழி, எண், பணம் என்று 18 பகுதிகள், ஒவ்வொன்றிலும் 20 செயல்கள், மொத்தம் 360. எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக இருக்கும். செய்கிறானா, செய்யவில்லையா என்று இரண்டே குறி. தாளைப் பெற்றோர் முன் விரித்தால், தங்கள் பிள்ளையால் முடிகிறவை இத்தனையா என்று முகம் மலர்வதைப் பார்க்கலாம். முடியாததை மட்டுமே கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள்.

உதவியோடு செய்வதை அளக்க, அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனத்தின் செயல்முறைச் சரிபார்ப்புப் பட்டியலை, அதாவது எஃப்.ஏ.சி.பி.யை, உடன் வைத்துக்கொள்கிறேன். தானே செய்கிறாள், சொன்னால் செய்கிறாள், கைபிடித்தால் செய்கிறாள் என்று அதில் படிகள் உண்டு. "இதுவரை வாய்ப்பே தரப்படவில்லை" என்பதற்கும் ஒரு குறி இருக்கிறது. என் மனத்துக்கு மிக நெருக்கமான குறி அது. பல பிள்ளைகளின் தாளில் அதைத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "நிறங்களை அறிவான்" என்று எழுதினால் மூன்று ஆண்டுகளும் அதையே எழுதிக்கொண்டிருக்கலாம். "சிவப்பு, மஞ்சள், பச்சைப் பந்துகளில் கேட்ட நிறத்தை 5 முறையில் 4 முறை எடுத்துத் தருவான்" என்று எழுதுங்கள். நடந்ததா இல்லையா என்று அம்மாவே சொல்லிவிடுவார். ஒரே பக்கம், தமிழில், ஒரு படி வீட்டுக்கு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சி நூலில் அரும்பு எனும் தொடக்க நிலையிலிருந்தே செயல்பாடுகளை எடுக்கிறேன். பக்கத்துப் பிள்ளை கையில் இருக்கும் அதே புத்தகம் தன் கையிலும் இருப்பது அவர்களுக்கு முக்கியம்.

2019இல் ஒரு நிறுவனத்தின் திட்டமிடல் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். வரைபடங்கள் தானாக வரும், அழகாக இருக்கும். இரண்டு ஆண்டுகளில் சேவையை நிறுத்திவிட்டார்கள். பதிவுகளை வெளியே எடுக்க வழி செய்து தரவில்லை. 23 பிள்ளைகளின் இரண்டு ஆண்டு உழைப்பு, வலிப்பு வந்த நாள்கள் உட்பட, போய்விட்டது. மருத்துவர் கேட்டபோது ஒரு தாய்க்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அன்றிலிருந்து முதன்மைப் பதிவு நீளமான 200 பக்கக் குறிப்பேடு, பிள்ளைக்கு ஒன்று. கைபேசியில் தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதியை அறிக்கைகளுக்குப் பயன்படுத்துகிறேன், நேரம் பாதியாகிறது. ஆனால் மாதம் முதல் தேதி எல்லாவற்றையும் அச்சிட்டு ஒட்டிவிடுவேன்.

வீட்டுவழிப் பயிற்சியில் ஒரு சிறுமி இருக்கிறாள். தானே கரண்டி பிடித்து உண்பது இலக்கு. பெற்றோர் வேலைக்குப் போய்விடுவதால் பார்த்துக்கொள்வது அப்பாயி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கட்டம் போட்ட பதிவுத்தாள் அவரிடம் மடித்தபடியே இருந்தது. ஒரு பழைய டப்பாவைக் கொடுத்து, பேத்தி கரண்டியைத் தானே பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புளியங்கொட்டை போடச் சொன்னேன். வியாழக்கிழமை போய் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவேன். முதல் வாரம் 2, அடுத்த வாரம் 5.

சென்ற வியாழன் டப்பாவைக் கவிழ்த்தபோது 11 புளியங்கொட்டைகளோடு துவரம்பருப்பும் விழுந்தது. கலந்துவிட்டதோ என்று கேட்டேன். "இல்லை டீச்சரம்மா, பருப்பு நான் முழங்கையை மட்டும் தாங்கிப் பிடித்தது" என்றார். குறிப்பேட்டில் இன்னொரு கோடு கிழித்து, பருப்புகளைத் தனியாக எண்ணினேன். ஏழு இருந்தது.