கடல் ஏறுச்சா, நிலம் ஏறுச்சா? சிட்னி vs ஸ்வீடன் ஹை கோஸ்ட்

ஆஸ்திரேலியாவுல சிட்னி ஹார்பர், ஸ்வீடன்ல ஹை கோஸ்ட்ங்கிற கடலோரப் பகுதி, ரெண்டுமே பனியுகம் முடிஞ்சதால வந்த கடற்கரைதான், ஆனா ரிசல்ட் நேர் எதிர். சுமார் 20,000 வருஷம் முன்னாடி உலகத்துத் தண்ணி நிறைய ஐஸா உறைஞ்சு கிடந்துச்சு, கடல் மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் கீழ. அப்போ சிட்னி ஹார்பர்ங்கிறது வெறும் ஆத்துப் பள்ளத்தாக்கு, பரமட்டா ஆறு அது வழியா கடலுக்கு ஓடிட்டு இருந்துச்சு. ஐஸ் உருகுச்சு, கடல் ஏறுச்சு, பள்ளத்தாக்கு மூழ்கிடுச்சு, அதான் அந்தக் கை கையா பிரியுற ஷேப். இதை ரியான்னு சொல்வாங்க. ஆழமான, அலை அடிக்காத துறைமுகம் இயற்கையாவே கிடைச்சிருச்சு.

ஸ்வீடன்ல கதையே வேற. கடல் அங்கயும்தான் ஏறுச்சு, ஆனா நிலம் அதைவிட வேகமா ஏறுச்சு! கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் தடிமனான ஐஸ் நிலத்து மேல உக்காந்து அதையே அமுக்கி வெச்சிருந்துச்சு, வெயிட் போனதும் மெத்தை மாதிரி எழும்ப ஆரம்பிச்சது இன்னும் நிக்கல, வருஷத்துக்கு சுமார் 8 மில்லிமீட்டர். பழைய கரைக்கோடு இப்போ 286 மீட்டர் உயரத்துல இருக்கு, மலை மேல கூழாங்கல் பீச்! யுனெஸ்கோ 2000லயே உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேத்துட்டாங்க.

அழகுக்கு சிட்னி ஓகே, ஆனா கடல் மட்டம் மாறுறதைப் புரிஞ்சிக்கணும்னா என் ஓட்டு ஸ்வீடனுக்குத்தான், ஏன்னா சிட்னியில பழைய கரை தண்ணிக்கடியில கிடக்கு, ஸ்வீடன்ல நடந்தே ஏறிப் பாத்துடலாம்.