டென்வரில் ஆர்.வி. வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? 1,160 டாலர் பிடித்த ரசீதை வரிவரியாகப் பாருங்கள்

டென்வரில் ஆர்.வி. (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, நாயையும் ஏற்றிக்கொண்டு கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காக்கள் வரை போய்வர நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். 25 அடி வண்டி, பத்து இரவு, காப்புத் தொகை 1,500 டாலர். திரும்பி வந்தது 340. மீதிக்கு ரசீது கேட்டு வாங்கினோம்:

கூடுதல் மைல் 460, மைலுக்கு 45 சென்ட்: 207
ஜெனரேட்டர் கூடுதல் 24 மணி, மணிக்கு 5: 120
கழிவுத் தொட்டி காலி செய்யப்படவில்லை: 200
நாய் முடி, வாடை நீக்கச் சிறப்புச் சுத்தம்: 250
கதவு வலை கிழிசல்: 145
கூரைக் காற்றுத் திறப்பின் மூடி உடைசல்: 238

முதல் இரண்டும் ஒப்பந்தத்தில் இருந்தவை. வாய்ப்பேச்சை நம்பியதால் வந்தவை, கேள்வி கேட்க முடியாது. மற்ற நான்கும், 833 டாலர், அநியாயம். ரசீதில் எந்த வரி எப்படி விழுகிறது, வண்டியை எடுக்கும்போதே எதைப் பார்த்தால் விழாது என்பதை மட்டும் சொல்கிறோம்.

மைல் கணக்கு. "ஒரு நாளைக்கு நூறு மைல் இலவசம்" என்று கவுண்டரில் சொல்வார்கள். காகிதத்தில் இருப்பது இரவுக்கு நூறு. பதினோரு நாள் வண்டி உங்கள் கையில் இருந்தாலும் கணக்கு பத்து இரவுக்குத்தான். டென்வரிலிருந்து லேரமி, ராலின்ஸ், லேண்டர், டுபாய்ஸ் வழியாக கிராண்ட் டீட்டன் போய்ச் சேரவே ஏறத்தாழ 500 மைல். போய்வந்தாலே இலவச ஆயிரம் தீர்ந்தது. யெல்லோஸ்டோனுக்குள் இருக்கும் வட்டச் சாலை மட்டும் 142 மைல். ஆகவே முன்பதிவு செய்யும்போதே வரம்பில்லா மைலுக்கு என்ன விலை என்று கேளுங்கள். பயணம் முடிந்தபின் அந்த விலை கிடைக்காது. ஓடோமீட்டரையும் ஜெனரேட்டரின் மணி மீட்டரையும் எடுக்கும்போது ஒரு படம், விடும்போது ஒரு படம்.

அடுத்து ஜெனரேட்டர். இதில் பணத்தைவிட நாயின் உயிர்தான் பெரிது. "ஜெனரேட்டரைப் போட்டு ஏசியை ஓடவிட்டு நாயை உள்ளே விட்டுப் போகலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று வாடகைக்கு விடுபவர் சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டர் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 முதல் 3.5 சதவீதம் சக்தியை இழக்கிறது. 8,000 அடியில் கால் பங்கு போய்விடும். 4,000 வாட் என்று எழுதியிருப்பது 3,000 வாட்தான் தரும். கூரை ஏசியின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. அந்த நொடியில் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். கார்புரேட்டர் உள்ள மாடல்களில் உயரத்துக்கேற்பத் திருப்பிவைக்கும் சிறு குமிழ் ஒன்று இருக்கும். அது தரைமட்டக் குறியிலேயே இருந்தால் எரிபொருள் அதிகமாகி, கறுப்புப் புகை விட்டு இருமிக்கொண்டே ஓடும். அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: பெட்ரோல் டேங்க் கால் பங்குக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டருக்கு எரிபொருள் போகாது. உங்களை நடுவழியில் நிற்கவிடாமல் இருக்கவே குழாயை அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அருவி பார்த்துக்கொண்டிருக்கும்போது இவற்றில் எது நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வெப்பநிலையை போனுக்கு அனுப்பும் கருவி வைத்தாலும், சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் பெட்டி.

நேரக் கட்டுப்பாடும் உண்டு. யெல்லோஸ்டோனில் ஜெனரேட்டர் அனுமதிக்கும் முகாம்களில் காலை 8 முதல் இரவு 8 வரைதான் ஓட்டலாம். பூங்காவின் முகாம்களில் மின் இணைப்பு உள்ளது ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. முகாம் ஒன்றுதான். நாயோடு போகிறவர்கள் முதலில் அதற்கு முயலுங்கள். கிடைக்காவிட்டால் பூங்காவுக்கு வெளியே 30 ஆம்ப் மின் இணைப்புள்ள இடம் பாருங்கள்.

"நாய் எங்கும் வரலாம்" என்பதும் கவுண்டர்ப் பேச்சுதான். வண்டிக்குள் வரலாம், அவ்வளவே. ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் எந்த நடைபாதையிலும் நாய்க்கு அனுமதி இல்லை. யெல்லோஸ்டோனில் சாலை, வாகன நிறுத்தம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள், கிராண்ட் டீட்டனில் சாலையிலிருந்து 30 அடிக்குள் மட்டும் அனுமதி. நாயைப் பிடிக்கும் வார் 6 அடிக்கு மேல் கூடாது. மரத்திலோ மேசையிலோ கட்டிவிட்டுப் போகக் கூடாது. வெந்நீர் ஊற்றுகளின் பலகைப் பாதையில் நாயைக் கொண்டுபோகவே கூடாது. 1981-இல் யெல்லோஸ்டோனில் செலஸ்டீன் குளத்தில் ஒரு நாய் பாய்ந்தது. அதைக் காப்பாற்ற ஓர் இளைஞர் குதித்தார். நீரின் வெப்பம் 200 பாரன்ஹீட்டுக்கு மேல். இருவரும் பிழைக்கவில்லை. நாயை நடக்கவிட வேண்டுமானால் பூங்காக்களை ஒட்டிய தேசிய வனங்கள் இருக்கின்றன: ஷோஷோனி, பிரிட்ஜர்-டீட்டன். அங்கே பெரும்பாலான பாதைகளில் நாய் வரலாம். கரடி நாடு என்பதால் வார் கையில் இருக்கட்டும். நாயின் சாப்பாட்டுத் தட்டை இரவில் வெளியே விடாதீர்கள். பூங்கா விதிப்படி அதுவும் கரடியை இழுக்கும் உணவுதான்.

இப்போது அந்த 200 டாலர் தொட்டி. ஆர்.வி.யில் சமையல், குளியல் நீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக் கழிவுக்கு ஒரு தொட்டி. பின்னதைக் கறுப்புத் தொட்டி என்பார்கள். அதன் சுவரில் வெவ்வேறு உயரத்தில் சின்னச் சின்ன உலோக முனைகள் உண்டு. கழிவு எந்த முனையைத் தொடுகிறதோ அந்த விளக்கு பலகையில் எரியும். முனையில் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டால், தொட்டி காலியாக இருந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு என்று காட்டும். பழைய வாடகை வண்டிகளில் இது சர்வ சாதாரணம். திருப்பித் தரும்போது பணியாளர் விளக்கைப் பார்த்துவிட்டு "காலி செய்யவில்லை" என்று எழுதிக்கொள்வார். கறுப்புத் தொட்டியின் நிஜ நிலை தெரிய ஒரே வழி, கழிப்பறையின் மிதியை அழுத்தி டார்ச் அடித்துக் கீழே பார்ப்பது. வண்டி எடுக்கும்போதே அதைச் செய்யுங்கள். தொட்டி காலி, விளக்கு மட்டும் எரிகிறது என்றால் இரண்டையும் தேதி தெரியப் படமெடுங்கள். திருப்பித் தரும் நாளில் முதலில் கறுப்புத் தொட்டியைத் திறந்து வடியுங்கள், அதை மூடிவிட்டு அடுத்த தொட்டியைத் திறங்கள். சோப்பு நீர் குழாயை அலசிக்கொண்டு போகும். கறுப்புத் தொட்டியில் இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை வடியுங்கள். பணியாளரையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

நாய்க் கட்டணத்தில் இரண்டு வகை உண்டு. முன்கூட்டியே வாங்கும் கட்டணம், திரும்பாது. பிறகு சுத்தம் என்ற பெயரில் காப்புத் தொகையில் பிடிப்பது. முதலாவதைக் கட்டினால் இரண்டாவது வராது என்று நினைக்க வேண்டாம். முன்கட்டணத்தில் எந்த அளவு சுத்தம் அடக்கம், எதற்கு மேல் பிடிப்பார்கள் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். சோபா, மெத்தை எல்லாவற்றுக்கும் சொந்தப் போர்வை விரியுங்கள். விடும் நாளன்று பெட்ரோல் நிலைய வாக்குவம் போட்டு, ஒவ்வொரு இருக்கையையும் வீடியோ எடுங்கள். கதவு வலையின் கீழ் ஓரத்தை மூக்கு உரசும் தூரத்தில் பாருங்கள். முந்தைய வாடிக்கையாளரின் நாய் பிராண்டிய இடத்தில் வலை இழைகள் பஞ்சு போலப் பிரிந்திருக்கும், சட்டத்திலிருந்து ரப்பர்க் கயிறு லேசாக எழும்பி நிற்கும். நான்கடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. உங்கள் தலையில் 145 டாலராக விழுவது அந்தக் கிழிசல்தான்.

கூரை. இதை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை, அதுதான் வாடகைக்கு விடுபவர்களுக்கு வசதி. காற்றுத் திறப்பின் பிளாஸ்டிக் மூடி சில வருட வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடும். வயோமிங்கில் லேரமிக்கும் ராலின்சுக்கும் நடுவே ஐ-80 சாலையில் அடிக்கும் காற்றுக்கு அது தாங்காது. உயரமான இலகு வாகனங்களுக்கு மட்டும் அந்தச் சாலையை மூடிவைக்கும் நாள்களும் உண்டு; கிளம்புமுன் வயோமிங் 511 சாலைத் தகவல் சேவையில் பாருங்கள். வண்டி நகரும்போது எல்லா மூடிகளும் சாத்தியிருக்க வேண்டும். செல்ஃபி குச்சியில் போனை மாட்டி, வண்டி எடுக்குமுன் கூரையைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். அவர்கள் விற்கும் சேதக் காப்பில் கூரையும் அடிப்பாகமும் பெரும்பாலும் சேராது. உங்கள் கார் இன்சூரன்சும் கிரெடிட் கார்டின் வாடகைக் காப்பும் பெரும்பாலும் ஆர்.வி.க்குச் செல்லாது. இரண்டு இடத்திலும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ரசீதில் வராத, ஆனால் உயிருக்கு ஆபத்தான குறைகள் வேறு. பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர். உள்டயரின் வால்வைத் தொடுவது கஷ்டம் என்பதால் அதைப் பலர் பார்ப்பதே இல்லை. அதில் காற்று குறைந்தால் பாரமெல்லாம் வெளிடயருக்குப் போய், சூடேறி வெடிக்கும். ஆறு டயரையும் குளிர்ந்த நிலையில் உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களையும் பாருங்கள். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம் தயாரித்தது. தடம் புதிதாகத் தெரிந்தாலும் ஏழெட்டு வருடப் பழசு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிரேக்கை நிறுத்துமிடத்தில் சோதித்தால் போதாது. வெளிச்சாலையில் 40 மைல் வேகத்தில் அழுத்திப் பாருங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கிறது. மிதி மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 வரை இறங்கலாம். டுபாய்ஸுக்கும் கிராண்ட் டீட்டனுக்கும் நடுவே உள்ள 9,658 அடி டோகடி கணவாயிலிருந்து இறங்கும்போது காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும், திரவத்தில் ஆவி புகுந்து மிதி வெறுமனே அமுங்கும். இறக்கம் தொடங்குமுன்பே டோ-ஹால் (தாழ்ந்த கியரில் வண்டியைப் பிடித்துவைக்க உதவும்) பொத்தானை அழுத்தி, கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். பிரேக்கைச் சில நொடி அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். 10 சதவீதச் சரிவுள்ள டீட்டன் கணவாயை வாடகை ஆர்.வி.யில் தவிர்ப்பதே எங்கள் யோசனை.

மொன்டானா வரை போகிறவர்களுக்கு: கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையில் அவலாஞ்ச் கிரீக்குக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே 21 அடிக்கு நீளமான, 8 அடிக்கு அகலமான வண்டிகள் போக முடியாது. 25 அடி வண்டியைக் கொடுத்துவிட்டு "அந்தச் சாலை அற்புதம்" என்று வரைபடத்தில் வட்டம் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. கொலராடோ, வயோமிங் பம்புகளில் ரெகுலர் என்பது பல இடங்களில் 85 ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்). ஒப்பந்தம் 87 கேட்டால் நடுப் பொத்தானை அழுத்துங்கள், ரசீதுகளை வைத்திருங்கள்.

ஃபிரிட்ஜ், வண்டி எடுக்கும்போதே குளிர்ந்திருக்க வேண்டும். கேஸில் ஓடும் வகை குளிரப் பல மணி நேரம் எடுக்கும், "போகப் போகக் குளிரும்" என்பதை ஏற்காதீர்கள். நாய்க்கு இன்சுலின் போன்ற மருந்து இருந்தால் தனி ஐஸ் பெட்டி அவசியம்.

வழியில் எது பழுதானாலும் போனில் பேசியதோடு விடாமல் குறுஞ்செய்தியும் அனுப்புங்கள். முன்அனுமதி இல்லாமல் செய்த பழுதுக்குப் பணம் தரமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். மலையில் சிக்னலே இருக்காது. எத்தனை டாலர் வரை கேட்காமல் செலவழிக்கலாம் என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுதி வாங்குங்கள்.

பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். ஜெல் (Zelle) செயலி போன்ற நேரடிப் பணமாற்றம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அநியாயமாகப் பிடித்திருந்தால், அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்பு போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் தனியாக: தொகை, ஏன் தவறு, எந்தப் படம். அதில் முடியாவிட்டால் கொலராடோவின் சிறு வழக்கு மன்றம் 7,500 டாலர் வரையிலான வழக்குகளை எடுக்கும், வக்கீல் தேவையில்லை. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகாரும் கொடுக்கலாம்.

நான்கு வரிகளுக்கும் மறுப்பு அனுப்பினோம். தொட்டிக்கான 200 டாலர் மட்டும் திரும்பியது. அதற்கு மட்டும்தான் எங்களிடம் படம் இருந்தது.