அண்ணாச்சி கடைத் தராசில் ஒரு திங்க்பேட் எக்ஸ்280

செகண்ட் ஹேண்டில் வாங்கிய இந்த லேப்டாப்பின் எடையை முதலில் சொல்லிவிடுகிறேன், இதை வாங்கியதே அதற்காகத்தான். லெனோவோவின் கணக்கில் எக்ஸ்280 "1.13 கிலோ முதல்". ஜவுளிக்கடை வாசலில் "99 ரூபாய் முதல்" என்று தொங்குமே, அந்த ரக "முதல்" என்பதால் நம்பாமல், தெருமுனை அண்ணாச்சி கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பருப்பு நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 1 கிலோ 170 கிராம். "என்னம்மா, பழைய இரும்புக்கா போடப் போறிய?" என்றார் அண்ணாச்சி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மூடியின் ஒரு மூலையில் கறுப்புப் பூச்சு உரிந்துபோய்த்தான் இருந்தது.

மறுநாள் பழைய லேப்டாப்பையும் அதே தராசில் வைத்தேன். 15.6 அங்குலத் திரை, 2 கிலோ 240 கிராம். அதன் சார்ஜர் செங்கலும் மூன்று முள் பிளக் வைத்த தடித்த ஒயருமாகத் தனியே 480 கிராம். ஆக இரண்டே முக்கால் கிலோவை ஐந்து வருஷமாக இடது தோளில் மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

எனக்கு வேலை மெய்ப்புப் பார்ப்பதும் மொழிபெயர்ப்பும். வீடு திருநெல்வேலியில், வேலை தருகிறவர்கள் பெரும்பாலும் சென்னையில். மாதத்துக்கு இரண்டு தடவையாவது நெல்லை எக்ஸ்பிரஸிலோ, யாராவது அவசரப்படுத்தினால் வந்தே பாரத்திலோ போய்வர வேண்டும். தோள்வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், ஆனால் கனத்துக்குப் பயந்து லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தேன் பாருங்கள், அதுதான் சிக்கல். அங்கே போனபின் "அந்த மூணாவது அத்தியாயத்தை மட்டும் இப்பவே திருத்திக் கொடுத்துடுங்களேன்" என்பார்கள், நான் போனில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒற்றுப் போட்டுக்கொண்டிருப்பேன்.

தேட ஆரம்பித்ததும் எல்லோரும் சொன்னது மேக்புக் ஏர் எம்1. 2020-இல் வந்தது, 1.29 கிலோ, விசிறி கிடையாது, சத்தமே வராது, பேட்டரி நாள் முழுக்க ஓடும். உண்மைதான், தோழி ஒருத்தி வைத்திருக்கிறாள், பொறாமையாகத்தான் இருக்கிறது. கையில் காசு இருந்தால் நல்ல நிலையில் இருக்கிற ஒன்றை வாங்கிவிட்டு இந்த மதிப்புரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. செகண்ட் ஹேண்டிலேயே அது என் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு சொன்னார்கள். என் பட்ஜெட் இருபதாயிரம்.

அந்த விலையில் புதிதாகவும் குட்டி லேப்டாப்புகள் கிடைக்கின்றன. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டிக்குப் பதிலாக வைக்கும் மலிவான சேமிப்பு) என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் உட்கார்ந்தபின் நமக்கு மிச்சம் திண்ணைதான். 2007-இல் ஆசுஸ் ஈ பிசி என்று ஏழு அங்குலத் திரையோடு ஒரு கிலோவுக்கும் குறைவாக ஒன்று வந்ததே, நெட்புக் என்று எல்லோரும் கொண்டாடினோமே, அந்த ஆசையின் மிச்சம்தான் இவை. எடை குறைவு, விலை குறைவு, பொறுமையும் குறைந்துவிடும். டேப்லெட்டோடு கீபோர்டு சேர்த்து வாங்கலாமே என்றும் ஒருவர் சொன்னார். வேர்டில் ட்ராக் சேஞ்சஸ் (ஒவ்வொரு திருத்தத்தையும் குறித்துக் காட்டும் வசதி) போட்டு நானூறு பக்கம் திருத்திப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார்.

அப்புறம்தான் அலுவலகங்களிலிருந்து கழித்துவிடும் லேப்டாப் பக்கம் வந்தேன். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்காக மொத்தமாக எடுத்து, மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு, மொத்தமாகவே தள்ளிவிடும். புதிதாக விற்றபோது விலை அதிகம், அதனால் கட்டுமானம் உறுதி. திங்க்பேட் எக்ஸ் வரிசை அப்படிப்பட்டது. அதில் எக்ஸ்280, 2018-இல் வந்த மாடல். 12.5 அங்குலத் திரை, அகலம் 31 செ.மீ.க்குள் அடங்கிவிடும், தடிமன் ஒன்றே முக்கால் செ.மீ. வந்தே பாரத்தில் முன் சீட்டுக்குப் பின்னால் மடித்துவிடும் பலகை இருக்கிறதல்லவா, பழைய லேப்டாப் அதில் கால்வாசி வெளியே தொங்கும், பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க இடமிருக்காது. இதை வைத்தால் பாட்டிலுக்கும் இடம், காபிக்கும் இடம்.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போன கதையைச் சொல்லவேண்டும். கடைப் பெயர் எதையும் எழுதப்போவதில்லை. முதலில் நுழைந்த கடையில் ஒரு பையன், "அக்கா, கார்ப்பரேட் பீஸ்க்கா, புதுசு மாதிரி இருக்கும்" என்று ஒன்றை எடுத்து நீட்டினான். பார்க்கப் புதுசுதான், பேச்சே இல்லை. நான் வழக்கம்போலப் பைக்குள்ளிருந்து பென் டிரைவை எடுத்து என் கோப்பு ஒன்றைத் திறந்தேன். மெய்ப்புப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், கடையில் அவர்கள் ஓட்டிக் காட்டும் மலையும் அருவியும் வீடியோவைப் பார்க்காதீர்கள், உங்கள் எழுத்தை உங்கள் அளவில் திறந்து பாருங்கள். 'கொடு'வுக்கும் 'கோடு'வுக்கும் நடுவே இருக்கிற அந்தக் கொம்பு அந்தத் திரையில் மசமசவென்று இருந்தது, 'கி'யா 'கீ'யா என்று மூக்கை ஒட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. காரணம், எக்ஸ்280 இரண்டு விதத் திரையோடு வந்திருக்கிறது, ஒன்று 1366 × 768, இன்னொன்று 1920 × 1080. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. பையன் காட்டியது முதல் ரகம். கேட்டால், "ஆமாக்கா, சின்ன ஸ்க்ரீனுக்கு அதுவே போதும்க்கா" என்றான். போதாது தம்பி.

இரண்டாவது கடையில் திரை நன்றாக இருந்தது, விலையும் படிந்தது. எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் எழும்புமுன் ஓடுகிற அடிப்படை அமைப்புப் பக்கம்) போய்ப் பார்க்கிறேன், பாஸ்வேர்டு கேட்கிறது. கடைக்காரர், "அது ஒண்ணுமில்ல மேடம், அதுக்குள்ள நீங்க போகவே வேண்டியதில்ல" என்றார். வேண்டியதிருக்கிறது. இந்த இயந்திரங்களில் பயாஸின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு பூட்டியிருந்தால் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலெல்லாம் போகாது. பழைய நிறுவனத்தின் கணக்கிலேயே இன்னும் பதிவாகியிருக்கிற லேப்டாப்புகளும் சந்தையில் உண்டு, விண்டோஸை அழித்து மறுபடி போட்டு இணையத்தில் சேர்த்த உடனே அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலைப் போடச் சொல்லி நிற்கும். அதனால் கடையிலேயே ரீசெட் போட்டு, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முகப்பு வரும்வரை உட்கார்ந்துவிடுங்கள். ஒரு மணிநேரம் ஆகும். டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

மூன்றாவது கடையில் வாங்கினேன். ஐ5-8350யூ, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, பேரம் பேசி 18,500 ரூபாய், பில்லோடு, மூன்று மாத வாரண்டி. அந்த '8350'-இல் முதல் எண் 8 என்பது முக்கியம். எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆனாலும் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் கடைகளில் மலைபோலக் குவிந்துகிடக்கின்றன, எப்படியோ விண்டோஸ் 11-ஐ ஏற்றியும் வைத்திருப்பார்கள். லினக்ஸ் போடுவேன் என்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம், மற்றவர்கள் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேம் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். எக்ஸ்280-இல் ரேம் போர்டிலேயே சால்டர் செய்தது, பிறகு கூட்ட முடியாது. இதற்கு முந்தைய எக்ஸ்270-இல் ரேமை மாற்றலாம், பின்பக்க பேட்டரியையும் கழற்றி வேறு மாட்டலாம், ஆனால் அது ஆறு ஏழாம் தலைமுறை, எடையும் கூடுதல். இங்கே மெலிவுக்காக இரண்டையும் தியாகம் செய்துவிட்டார்கள். 16 ஜிபி உள்ள எக்ஸ்280 கண்ணில் பட்டால் இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுத்தாவது எடுங்கள். நான் போன அன்று கிடைக்கவில்லை, 8-இல் ஓட்டுகிறேன். வேர்டு, பிடிஎஃப், பிரவுசரில் ஒரு பத்து டேப், அகராதிகள், இதற்கு மூச்சு வாங்கவில்லை. முப்பது டேப் திறந்துவைக்கிற ஆளாக இருந்தால் வேண்டாம். எஸ்எஸ்டியை மட்டும் நாமே மாற்றலாம்.

பேட்டரிதான் பழைய லேப்டாப்பின் ஜாதகம். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளை அடிக்கும் கறுப்புச் சாளரம்) பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்தால் (ஆங்கிலத்தில்தான்) ஓர் அறிக்கை வரும். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்புகிற அளவும் அடுத்தடுத்து இருக்கும். இதன் பேட்டரி புதிதில் 48 வாட் அவர், என்னுடையது 31-க்கு வந்திருந்தது. அதைக் காட்டித்தான் ஆயிரம் ரூபாய் குறைத்தேன். மூன்று மணிநேரம் தாங்கியது, ஆறு மாதம் ஓட்டிவிட்டு 3,400 ரூபாய்க்கு வேறு போட்டேன், இப்போது வெளிச்சத்தைப் பாதியில் வைத்து எழுதினால் ஐந்தரை மணிநேரம். ஆக மொத்தம் 21,900. இந்தச் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடவேண்டும், நான் போடவில்லை. லெனோவோ வான்டேஜ் என்கிற மென்பொருளில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைக்கலாம், வீட்டில் இருக்கும்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சார்ஜ் ஏறுவது டைப்-சி வழியாக. எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. கடையில் கொடுத்த சார்ஜரை அலமாரியில் போட்டுவிட்டு, கையடக்கமான 65 வாட் கேன் (காலியம் நைட்ரைடு, அதனால்தான் உருவம் சிறிது) சார்ஜர் ஒன்று வாங்கினேன், போனுக்கும் அதுவே லேப்டாப்புக்கும் அதுவே. ஒயரோடு 150 கிராம் (அண்ணாச்சி தராசுதான், இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை). பிடி (பவர் டெலிவரி) என்று போட்டு 20 வோல்ட் தருகிறதா என்று அதன் முதுகில் இருக்கிற பொடி எழுத்தைப் படித்து வாங்குங்கள், எல்லா போன் சார்ஜரும் ஒத்துவராது. இரண்டே முக்கால் கிலோ இருந்த இடத்தில் இப்போது 1 கிலோ 320. பவர் பேங்க்கும் வாங்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன், லேப்டாப்பை ஓட்டும் அளவுக்கு வாங்கினால் அதுவே அரைக் கிலோவுக்கு வந்துவிடும், குறைத்த எடையைக் காசு கொடுத்துத் திரும்ப ஏற்றிக்கொண்ட கதையாகும்.

2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட் மாடல்களுக்கு தண்டர்போல்ட் (டைப்-சி துளை வழியாக ஓடும் வேகமான இணைப்பு) ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை, கட்டாயம் புதுப்பிக்கச் சொல்லி லெனோவோவே அறிவித்திருந்தது, செய்யாமல் விட்டால் டைப்-சி துளை வேலை செய்யாமல் போகலாம். எக்ஸ்280-உம் அந்தப் பட்டியலில் உண்டு. சார்ஜ் ஏறுவதே அந்த வழியாகத்தான் என்பதால் வாங்கிய அன்றே முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள். கடையில் டைப்-சி துளை இரண்டிலும் ஒயரை மாட்டி லேசாக ஆட்டிப் பார்ப்பதும் நல்லது.

கீபோர்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன். நான் தமிழ்99-இல் அடிக்கிறவள், விண்டோஸிலேயே அது இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. நாளுக்கு ஆறேழு மணிநேரம் அடித்தாலும் விரல் நோகவில்லை, சாவிகள் நன்றாக அமுங்கித் திரும்புகின்றன, இந்தச் சின்ன உடம்பில் இவ்வளவு பெரிய சாவிகளை எப்படி அடக்கினார்கள் என்று இன்னும் ஆச்சரியம். இடது மூலையில் கன்ட்ரோல் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என் சாவி இருக்கும், முதல் வாரம் எரிச்சலில் பல்லைக் கடித்தேன், பிறகு பயாஸில் இரண்டையும் மாற்றிவைத்துவிட்டேன். பயாஸ் எதற்கு என்று கேட்ட கடைக்காரருக்கு இதுவும் ஒரு பதில். நடுவில் இருக்கிற சிவப்புக் குமிழை முதலில் சீண்டவே இல்லை. ஒருநாள் ரயில் குலுங்கிக்கொண்டே போகிறது, டச்பேடில் விரல் ஒரு பக்கம் வழுக்குகிறது, கர்சர் ஒரு பக்கம் ஓடுகிறது. குமிழில் விரலை வைத்தேன், நின்றது. ஓடுகிற வண்டியில் வேலை பார்க்கிறவர்கள் அதைக் கொஞ்சம் பழகிப் பாருங்கள்.

எச்டிஎம்ஐ உண்டு, சாதாரண யூஎஸ்பி இரண்டு உண்டு, அதனால் அச்சகத்தில் பென் டிரைவை நீட்டினால் "டாங்கிள் கொண்டு வரலையே" என்று விழிக்க வேண்டியதில்லை. கேமரா 720பி, கூட்டத்தில் தலை காட்டப் போதும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். வெயில் அடிக்கிற ஜன்னலோரத்தில் திரை கண்ணாடிபோல முகத்தைக் காட்டாது, மேட் திரை, ஆனால் வெளிச்சமும் அவ்வளவு அதிகமில்லை, திரையைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

யாருக்குச் சரிவராது? வீடியோ எடிட்டிங், கேம் இரண்டுக்கும் இது ஆகாது. கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியவில்லை என்கிறவர்களும் யோசியுங்கள், நானே 150 சதவீதத்தில் வைத்துத்தான் படிக்கிறேன், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோப்பு திறந்தால் நெருக்கியடிக்கும். வீட்டில் மானிட்டர் ஒன்றை மாட்டிக்கொள்கிறேன்.

அண்ணன் மகள் கல்லூரி சேர்கிறாள், "அத்தை, எனக்கும் உங்களது மாதிரியே" என்றாள். நான்கு வருஷம் ஓடவேண்டும், படிப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ், 8 ஜிபியில் மாட்டிக்கொள்ளக் கூடாது, அதனால் திங்க்பேட் டி480எஸ் பார் என்று சொல்லியிருக்கிறேன். அதே வருஷத்து மாடல், 14 அங்குலம், 1.32 கிலோ "முதல்", ரேமுக்கு ஒரு ஸ்லாட் காலியாகவே இருக்கும் அல்லது மாற்றிக்கொள்ளும்படி இருக்கும். அடுத்த மாதம் அவளையும் கூட்டிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன். பென் டிரைவை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், அதில் என் 'கொடு - கோடு' கோப்பும் இருக்கிறது.